அம்மாவின் கட்டில் கிடக்கும் இடம்

தொர்னாபே,
மே 20

அன்புள்ள தம்பி நசாரியோவுக்கு,

உன் அண்ணன் கிறிசாந்தோ எழுதிக்கொள்வது. கடவுள் உன்னை அந்தக் குளிரூரில் காப்பாற்றி வைத்திருக்கட்டும்.

இது என் கையெழுத்து. எழுபத்துநாலு வயதில் வந்த கை என்பதால் கோணல்மாணலாகத்தான் இருக்கும். முன்பு வந்த ஏழு கடிதங்களும் எர்மினியா அம்மாள் எழுதியவை. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அவற்றில் நான் சுகம், மழை பெய்தது, இன்னார் செத்தார் என்பதைத் தவிர ஒன்றும் இருந்திருக்காது. நீ பதில் போடாததில் வியப்பில்லை. எர்மினியா அம்மாளிடம் காலையில் சொன்னதை மத்தியானம் மீன் கழுவும் இடத்தில் கேட்கலாம். அவரை வைத்துக்கொண்டு எதை எழுதச் சொல்வது?

போன வருடம் உன் மகள் இல்சா தொலைபேசியில் பேசினாள். வாரத்தில் மூன்று நாள் உன்னை இயந்திரத்தில் கட்டி வைத்து இரத்தம் சுத்தம் செய்கிறார்கள் என்றாள். கடல் என்ற பேச்சை எடுத்தாலே நீ தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிடுகிறாயாம். அன்று நான் படகுத்துறைக்குப் போகவில்லை. மறுவாரம் கோயில் கூடத்தில் எழுதப்படிக்கச் சொல்லித் தரும் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பதினொரு பெண்கள், நான் ஒருவன். முதல் நாள் ஒருத்தி, “என்ன கிறிசாந்தோ மாமா, கல்யாணப் பத்திரிகை எழுதப் போறீங்களா?” என்று கேட்டாள். இல்லையம்மா, பாவமன்னிப்பு எழுதப் போகிறேன் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த இடம் வரை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. விரல் வலிக்கிறது. ஆனாலும் நேற்று எழுதியதை இன்று எடுத்துப் பார்த்தபோது, நான் சொன்னது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. வாயால் சொன்னது எதுவும் இப்படி எனக்காகக் காத்திருந்ததில்லை. மடித்து வைத்து, மறுபடி பிரித்துப் பார்த்துக்கொண்டேன். இந்த வயதில் இப்படியும் ஒரு சந்தோஷம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மார்ச் மாதம் கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கிறவர்கள் ஐந்து பேர் வந்தார்கள். மாரிசேலா என்ற பெண் அவர்களுக்குத் தலைவி. தலைநகரில் பவளத்தைப் பற்றிப் படித்தவள். ஆறு நாள் தீவுகளைச் சுற்றிவிட்டு ஏழாம் நாள் இங்கே வந்திருந்தார்கள். இரண்டு கோடையாகக் கடல் கொதித்ததில் அங்கே பவளமெல்லாம் வெளுத்துச் செத்துவிட்டதாம். பிணம் பார்த்துவிட்டு வருகிறவர்களைப் போல வந்தார்கள். சாப்பாட்டைக்கூடக் கிளறிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசி நாளுக்கு என் படகைக் கேட்டார்கள். மாரிசேலா என்னிடம், “பெரியவரே, நீங்க செம்மீன் புடிக்கிற எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க பாறை இருக்கலாம்” என்றாள்.

தம்பி, உனக்குத் தெரியும். நம் துறையில் ஒருவனிடம் அவனுடைய மீன் இடத்தைக் கேட்டால் அவன் குறியை மாற்றித்தான் சொல்வான். பாதிரியார் கேட்டாலும் மாற்றித்தான் சொல்வான். கேட்கிறவனும் அதைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்வான். அண்ணன் தம்பிக்குள் மட்டும் அது கிடையாது. நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது: கடலிலிருந்து பார்த்தால் கோயில் சிலுவை, மலையின் பெரிய பிளவுக்குள் வர வேண்டும், ஆற்றுவாய் முழுதாகத் திறந்து தெரிய வேண்டும் என்று.

முப்பத்தொரு வருடத்துக்கு முன் நீ செம்மீன் இடம் கேட்டபோது உனக்குச் சொன்ன அதே குறி.

சொல்லிய வாயோடு அங்கேயே படகை ஓட்டினேன். சேறு பார்த்துவிட்டு ஏறி வரட்டும் என்று நினைத்தேன். ஆற்றுத் தண்ணீர் கலந்து காப்பிக் கலரில் கிடந்தது கடல். அவர்களில் ரோக்கே என்று ஒரு குண்டுப் பையன், “பெருசு நம்மள சாக்கடைல எறக்குது. இதுக்கு நான் ஓட்டல்லயே தூங்கியிருப்பேன்” என்றான். இறங்கினார்கள். பதினைந்து நிமிடத்தில் வருவார்கள் என்று இருந்தேன். நாற்பது நிமிடம் ஆகியும் நீர்க்குமிழி மட்டும்தான் வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. பொய்க் குறி சொல்லி ஐந்து பேரைச் சாகடித்துவிட்டேனோ என்று மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் மாரிசேலா வந்தாள். முகமூடியைக் கழற்றினாள், அழுதுகொண்டிருந்தாள். யாருக்கம்மா என்ன ஆச்சு என்று கேட்டேன். “ஒண்ணும் ஆகல பெரியவரே. ஒண்ணுமே ஆகல அதுக்கு. அப்படியே உசுரோட இருக்கு” என்றாள். மேலே இருக்கும் கலங்கல் தண்ணீர் குடை மாதிரி வெயிலைத் தடுத்திருக்கலாமாம். அதற்குக் கீழே தெளிந்த நீர். முட்டைக்கோஸ் இலை விரிந்த மாதிரி பவளம், கண்ணுக்கு எட்டியவரை. பாசியைத் தின்று பவளத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் கறுப்புக் கடல் முள்ளெலிகள் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கின்றனவாம். ரோக்கே படகில் ஏறியதும் என் காலைத் தொட்டான். “பெருசு, இனிமே நீங்க சாக்கடைன்னா சாக்கடை, நான் குதிக்கிறேன்” என்றான்.

பிறகு அவர்கள் எடுத்த படங்களைக் காட்டினார்கள். எல்லாம் அழகுதான். ஒன்றைப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. பவள இலைகளுக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பி, அதன் நுனியில் மாதுளம்பழம் போல ஒரு குமிழ். மாரிசேலா ஏதோ கப்பலின் துண்டு என்றாள்.

அது அம்மாவின் கட்டில். நீ அறுத்து மீன்கூடுகளுக்குச் சட்டம் செய்த கட்டில். அந்தக் குமிழைப் பிடித்துக்கொண்டுதான் நாம் இருவரும் நிற்கப் பழகினோம்.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். நான் சொன்ன குறியில் இறக்கிய பன்னிரண்டு கூடுகளும் அடியில் மாட்டிக்கொள்ள, கயிறுகளை அறுத்துவிட்டு, உள்ளங்கை கிழிந்து கரைக்கு வந்தாய். “அண்ணே, அங்க சேறு இல்ல. கல்லு இருக்கு. வளர்ற கல்லு. பச்சையா ஒரு கொப்பு கயித்தோட வந்துச்சு” என்றாய். துறையில் எல்லோரும் இருந்தார்கள். நீ என்னைத் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. குறி பொய் என்பது வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காக, நான் இவனுக்கு இடமே சொல்லவில்லை, குடித்துவிட்டு எங்கோ போயிருக்கிறான் என்றேன். அதோடு நிற்காமல் சிரித்தேன். நான் சிரித்ததால்தான் அவர்களும் சிரித்தார்கள். உனக்குக் கல் வியாபாரி என்று பெயர் வைத்தார்கள். அந்த மாதமே நீ பழம் ஏற்றிப் போகும் கப்பலில் ஏறிவிட்டாய்.

குறியை மாற்றிச் சொன்னது துறைப் பழக்கம் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிரித்ததற்கு அப்படிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதை நினைத்து நினைத்துக் களைத்துவிட்டேன் தம்பி. முழங்கால் வலி, வெறும் வீடு, வலையில் வருவதெல்லாம் கடல்பாசி. இவற்றால் வந்த களைப்பு தூங்கினால் போகும். இது போகவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அன்று கரைக்கு வந்ததும் ஊரே என்னைக் கொண்டாடியது. அந்த இடத்துக்குக் கிறிசாந்தோ பாறை என்று மாரிசேலா தன் நோட்டில் எழுதினாள். நான் சும்மா இருந்தேன். மூன்று வாரம் சும்மா இருந்தேன். உன் பெயரை உன்னிடமிருந்து இரண்டாம் முறையும் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் ஞாயிறு பூசை முடிந்ததும் துறையில் நின்று உண்மையைச் சொன்னேன். எல்லோர் முன்னாலும், அன்று நீ நின்ற இடத்தில் நின்று. பிறகு ஃபவுஸ்தோக் கிழவன், “முப்பது வருசமா பொய் சொன்ன. இன்னைக்கு நெசம்ங்கிற. நாங்க எதைக் கழிச்சு எதை எடுத்துக்கறது?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து. அது எனக்கு வேண்டியதுதான்.

அந்தப் பவளப் பாறையில் இனி நங்கூரம் போடக் கூடாது, கூடு இறக்கக் கூடாது என்று ஜூன் மாதம் சான் ஹுவான் திருநாளுக்கு மறுநாள் ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யப் போகிறார்கள். அடையாளத்துக்கு ஒரு மிதவை வந்திருக்கிறது. வெள்ளை. பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. இடத்தை முதலில் கண்டவன் பெயர்தான் இடத்துக்கு, அவன் உயிரோடு இருந்தால் அவனே சம்மதிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அதனால் மிதவையை என் வீட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கட்டில் இருந்த மூலையில் கிடக்கிறது. சாயமும் தூரிகையும் வாங்கி வைத்திருக்கிறேன். உன் பெயரைத் தாளில் நாற்பது முறை எழுதிப் பழகிவிட்டேன். என் பெயரைவிட உன் பெயர் எனக்கு நன்றாக வருகிறது.

மாரிசேலா கொடுத்த அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் பெத்ரோனா தன் மகளைப் பார்க்க அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூட மரவள்ளி ரொட்டி இரண்டு கட்டு. உனக்கு உப்பு ஆகாது என்று இல்சா சொன்னாள், உப்பில்லாமல் சுடச் சொன்னேன்.

கடைசியாக ஒன்று. அன்று நீ கேட்டதற்குப் பதில் இது. சிலுவையைப் பெரிய பிளவில் வைக்காதே. சின்னப் பிளவின் இடது உதட்டில் வை. பிறகு ஆற்றுவாய் மூடி மறையும்வரை மேற்கே போ. கயிறு பதினெட்டுப் பாகம் இறங்கும் ஆழம். அங்கேதான் செம்மீன் இருக்கிறது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, செத்துப்போன என் மனைவிக்கும் சொன்னதில்லை. இதில் கழிக்க ஒன்றும் இல்லை. நீ வந்தாலும் வராவிட்டாலும் இது உன்னுடையது.

நீ பேச வேண்டாம். மிதவையில் உன் பெயரை எழுதச் சரி என்று இல்சாவிடம் தலையை ஆட்டினால் போதும், அவள் எனக்குச் சொல்லிவிடுவாள். சாயம் காய ஒரு நாள் ஆகும். அதுவரை அந்த இயந்திரமும் கடவுளும் உன்னை வைத்திருக்கட்டும். அம்மா இருந்தால் உன் தலையில் கை வைத்திருப்பாள். அவள் இடத்தில் நான் வைக்கிறேன், தட்டிவிடாதே.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்,
அண்ணன்
கிறிசாந்தோ நொராலெஸ்