சுவருக்கு இந்தப் பக்கம்

அக்கா,

இன்று மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து உம்மா வாங்கி வந்த முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தேன். கட்டுக்குள் நாலைந்து பூக்கள் மாட்டிக்கொண்டு வந்திருந்தன. வெள்ளை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. முருங்கைப் பூவை நான் உங்கள் போட்டோக்களில்தான் பார்த்திருக்கிறேன். கையில் வைத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மோந்து பார்த்தேன். லேசான தேன் வாசம், அதற்கு அடியில் பச்சை வாசம்.

"போன்ல எல்லாத்தையும் அனுப்பலாம்ட்டி, வாசத்த மட்டும் அனுப்ப முடியாது. அதுக்கு நீ நேர்லதான் வரணும்" என்று ஒருமுறை சொன்னீர்கள். தாராவியிலிருந்து அகமதாபாத் ஒரு ராத்திரி ரயில்தான். நான் ஏறவே இல்லை.

"கீரைய உருவச் சொன்னா பூவ மோந்துக்கிட்டு இருக்கா" என்றாள் உம்மா. நான் பூக்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

நாம் இருந்த அந்த வாட்ஸ்அப் குழுவின் பெயரே ஒரு கேள்வி. 'இன்னைக்கு யார் வந்தா?' மரம், பறவை, பூச்சி என்றால் உயிரை விடுகிற கொஞ்சம் பேர், ஆளுக்கொரு ஊரில். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் எந்த மரமோ அதுதான் பெயர். காலையில் அந்த மரத்துக்கு யார் வந்தார்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் சட்டம். கோயம்புத்தூரில் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் புங்க மாமா. சார்ஜாவில் வேன் ஓட்டுகிறவர் வேம்பு அண்ணன். அகமதாபாதில் புருஷனோடு இட்லிக் கடை வைத்திருந்த நீங்கள் முருங்கை அக்கா.

புங்க மாமா எப்போதும் அச்சடித்த மாதிரிதான் எழுதுவார். "காலை வணக்கம். இன்று புங்கையில் இரண்டு மாம்பழச்சிட்டுகள்."

அடுத்த நிமிஷம் உங்கள் குரல் வரும், பின்னால் கிரைண்டர் ஓடும் சத்தத்தோடு. "மாமா, எனக்கு இன்னைக்கு கம்பளிப்பூச்சிப் பட்டாளம். யாருக்காவது வேணுமா? பார்சல் உண்டு."

"இங்க வெயில் கொளுத்துது. என் வேம்புல ஒரு மைனா வாயத் தொறந்துக்கிட்டே உக்காந்திருக்கு, எங்க முதலாளி மாதிரி" என்பார் வேம்பு அண்ணன்.

அவர் போட்ட ஒரு பறவை வீடியோவுக்குக் கீழே நான் ஏதோ கேள்வி கேட்கப்போய், அவர்தான் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டார். எட்டாவதோடு என் படிப்பு நின்றிருந்தது. ஒன்பதாவது தமிழில் படிக்க வேண்டுமென்றால் தூரத்துப் பள்ளிக்கூடம்; வீட்டில் பைகளுக்கு நூல் வெட்ட ஆள் வேண்டும். கீழே வாப்பாவும் அவர் தம்பி, எங்கள் சாச்சாவும் பள்ளிக்கூடப் பை தைக்கிற பட்டறை, ஏணி ஏறினால் மேலே நாங்கள் இருக்கிற அறை. நாள் முழுக்க நூல் வெட்டுவேன். வெளியாள் யாராவது ஏணியில் ஏறினால் திரைக்குப் பின்னால் போய்விடுவேன். அப்படிப்பட்டவளிடம் குழுவில் எல்லாரும் கேட்டார்கள், உன் மரம் என்ன என்று.

'எங்கள் சந்தில் மரம் இல்லை' என்று எழுதினேன். எழுதியதும் அழுகை வந்துவிட்டது. குழுவை விட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் குரல் வந்தது. "மரம் இல்லாத ஊரு உண்டா? தலைய வெளிய நீட்டிப் பாரு. பச்சையா எதாவது தெரியும்."

நீட்டிப் பார்த்தேன். நீலத் தார்ப்பாய்கள், வயர்கள், எதிர்வீட்டு ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். எங்கள் பின்சுவரில் மழைத்தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், ஒரு விரிசலிலிருந்து நாலு இலை நீட்டிக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்துப் போட்டேன்.

"அது அரசமரம்லா! வீட்டுல ராசாவையே வச்சுக்கிட்டு மரம் இல்லங்கா பாரு!" என்றீர்கள். "அரசு வந்திருக்கு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா" என்றார் வேம்பு அண்ணன். அன்றிலிருந்து நான் அரசு.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பெயரில் இருந்தேன். காற்றே இல்லாதபோதும் அந்த இலைகள் ஆடும். சித்தெறும்பு வந்தால் எழுதுவேன். ஒரு சிட்டுக்குருவி உட்காரப் பார்த்து, கிளை தாங்காமல் வளைந்து, அது குழம்பிப் பறந்துபோனதை எழுதியபோது புங்க மாமா கைதட்டுகிற படம் போட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. கன்று என் முழங்கை நீளம் வளர்ந்தது. விரிசலும் வளர்ந்தது.

வாப்பா ஒரு நாள் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "ஞாயித்துக்கெழம மிஸ்திரியக் கூட்டிட்டு வாரேன். மழைக்கு முன்னாடி இதப் புடுங்கிரணும். இல்லாட்டா சுவரு நம்மளப் புடுங்கிரும்."

அது போனால் நான் எந்தப் பெயரில் அங்கே இருப்பேன்? எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து, 'ஞாயிற்றுக்கிழமை இதைப் பிடுங்கப் போகிறார்கள், காப்பாற்ற வழி சொல்லுங்கள்' என்று எழுதினேன். குழுவே பொங்கிவிட்டது. அரசமரத்தைத் தொடவே கூடாது என்றார்கள். வாப்பாவோடு பேச நம்பர் கேட்டார்கள். ஒருவர், வீட்டை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாமே என்றுகூட எழுதினார். எல்லாரும் நல்ல மனதோடுதான் எழுதினார்கள். நீங்கள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் போன் அடித்தது. குழுவில் யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

"ஏட்டி, நான் முருங்க பேசுதேன். பேசுவியா, டைப்புதான் அடிப்பியா?"

"ம்."

"இந்த ம்முக்கு என் கிரைண்டரே பரவால்ல. சரி கேளு. சுவரு உள்பக்கமும் விரிஞ்சிருக்கா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"நகம் போகும்."

"போன மழைல தண்ணி எறங்குச்சா?"

"எறங்குச்சு."

"அந்த எடத்துக்குக் கீழ யாரு தல வச்சுப் படுக்கா?"

கீழே மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நாந்தான்" என்றேன்.

நீங்கள் சொன்னீர்கள்: "நல்லா இருக்குட்டி. மரத்துக்கு அத்தன போட்டோ போட்ட. சார்ஜாலருந்து கோயம்புத்தூரு வர அதுக்கு ஆளு இருக்கு. சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி படுத்திருக்கான்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"யாரும் கேக்கல."

"கேட்டாத்தான் சொல்லுவியா? சுவத்துல இருக்க பல்லிகூட கேக்காமயே ரெண்டு சத்தம் போடும்."

எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. குழுவில் எல்லாரையும் விட மரத்துக்காக அழுகிற ஆள் நீங்கள். உங்கள் முருங்கையில் ஒரு கிளை காற்றில் முறிந்தபோது கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்ததாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

"எனக்கும் மனசு இல்ல" என்றீர்கள், நான் நினைத்தது கேட்டதுபோல. "ஆனா புடுங்கச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீடியோவில் வந்தீர்கள். போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்தேன். அன்றுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் மாவு ஒட்டியிருந்தது. மிஸ்திரி உளியை வைத்து உள்பூச்சைத் தட்டினார். பாளம் பாளமாக விழுந்தது. "அரே பாப்ரே, அந்தர் தக் கயா ஹை" என்றார். உள்ளே வரை போயிருந்தது வேர். பூச்சுக்குப் பின்னால் நாடா மாதிரித் தட்டையாக, சுவரோடு சுவராக, என் தலையணை இருக்கும் இடம் வரை இறங்கியிருந்தது. செங்கல்லை மிஸ்திரி விரலால் தொட்டார். டீயில் நனைத்த பிஸ்கட் போல உதிர்ந்தது.

வாப்பா குனிந்து பார்த்தார். "இங்கயா நீ தல வச்சுப் படுத்த?" என்று கேட்டார். ஒரே அறையில் படுக்கிறோம். அவருக்கும் தெரியவில்லை. என் தலையில் கையை வைத்தார். சுண்ணாம்புக் கை.

கன்று வெளியே வந்தபோது நான் அழவில்லை. போனிலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"அக்கா, நீங்கதான புடுங்கச் சொன்னீங்க?"

"சொன்னேன். அழ மாட்டேன்னு சொன்னேனா?"

சாச்சாகூடச் சிரித்துவிட்டார்.

குழுவில் எப்படிச் சொல்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே உங்கள் குரல் அங்கே வந்துவிட்டது. "அரசமரத்தப் புடுங்கியாச்சு. அது அந்தப் பிள்ள தலமாட்டுல இருந்துச்சு. புடுங்கச் சொன்னது நான். திட்டுறவங்க என்னத் திட்டுங்க. பதினோரு மணிக்கு மேல திட்டுங்க, அதுக்கு முன்னாடி இட்லி வேல கெடக்கு."

சிலர் திட்டினார்கள். ஒருவர் குழுவை விட்டே போனார். புங்க மாமா இரண்டு நாள் காலை வணக்கம் சொல்லவில்லை. பிறகு எழுதினார். "பதினோரு மணிக்கு மேல் திட்டலாம் என்று சொன்னீர்கள். எனக்கு அது பகல் தூக்க நேரமாகப் போய்விட்டது. குழந்தையை வேறு இடத்தில் படுக்கச் சொல்லுங்கள்."

எனக்குப் பெயர் இல்லாமல் போயிற்று என்று உங்களிடம்தான் சொன்னேன். "அதான் சுவரு இருக்கே" என்றீர்கள். "எங்களுக்கெல்லாம் மரம் இருக்கு. சுவரு யாருகிட்ட இருக்கு? இனிமே நீ சுவரு. சுவத்துக்கு யாரு வந்தான்னு சொல்லு."

அப்படித்தான் ஆனது. முதல் மழைக்குப் பிறகு புதுப் பூச்சு மேல் மெல்லிய பச்சை படர்ந்தது. குழாய்க்குப் பின்னால் பல்லி முட்டை இருந்தது. கூட்டை முதுகில் சுமந்துகொண்டு ஒரு நத்தை ஒரு நாள் முழுக்க ஏறி, மறுநாள் இறங்கியது. "வீட்ட விட்டுட்டுப் போயிருந்தா அன்னைக்கே போய்ச் சேந்திருக்கும்" என்றார் வேம்பு அண்ணன். வீட்டை விட்டுவிட்டு வெளிநாட்டில் இருக்கிறவர் அவர். நீங்கள்தான் பேச்சை மாற்றினீர்கள். "அண்ணே, சாப்ட்டியா?"

போன குளிர்காலத்தில் ஒரு காலை, முருங்கை அக்கா என்ற பெயருக்குக் கீழே எழுத்து வந்தது. நீங்கள் எழுத மாட்டீர்கள், பேசத்தான் செய்வீர்கள். அதனால் படிக்கும் முன்பே என்னவோ போல் இருந்தது. 'இந்த நம்பர்காரங்க இப்ப இல்ல. காய்ச்சல். காலைல இவ உங்ககிட்டதான் பேசுவா, அதனால சொல்றேன்.' உங்கள் வீட்டுக்காரர்.

எல்லாரும் பூப்படம் போட்டார்கள். நான் ஒன்றும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அன்று இரண்டு மூட்டைப் பைக்கு நூல் வெட்டினேன்.

அதற்குப் பிறகு காலைப் பேச்சு சரியாக நடக்கவில்லை. புங்க மாமா வணக்கத்தோடு நிறுத்திக்கொள்வார். ஒரு நாள் உங்கள் நம்பரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. முருங்கைத் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி. 'இத என்ன செய்யணும்? இவதான் பாத்துக்கிடுவா, எனக்குத் தெரியாது.' அவ்வளவுதான், அக்கா. சாம்பல் போடுங்கள் என்கிறார் ஒருவர், குயிலுக்கு விடுங்கள் என்கிறார் இன்னொருவர், வெறுங்கையால் தொடாதீர்கள் என்று மாமா நாலு தடவை. சாயங்காலம் வரை ஓயவில்லை. உங்கள் வீட்டுக்காரர் இப்போதும் குழுவில்தான் இருக்கிறார். யார் வந்தார்கள் என்று சொல்வதில்லை. சந்தேகம் மட்டும் கேட்பார்.

என்னிடம் நீங்கள் விட்டுப்போனது வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் சாச்சா டேப்போடு மேலே வந்தார். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, ஆர்டர் குவிந்து கிடக்கிறது, கீழே இடம் இல்லை. எங்கள் அறையில் இரண்டு மிஷின் ஏற்றலாம் என்று முடிவாகியிருந்தது. வாப்பாவும் சாச்சாவும் பின்சுவரை ஒட்டி அளந்தார்கள். இங்கே ஒன்று, பக்கத்தில் ஒன்று, ஓரத்தில் துணிக்கட்டு. "அதுக்கப்புறமும் நடக்க வழி இருக்கு, போதும்" என்றார் சாச்சா. நான் ஏணிப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்பானால் ராத்திரி எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே சுருண்டுகொள்வேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"நான் எங்கன படுக்க?" என்றேன். "அதச் சொல்லிட்டு மிஷின ஏத்துங்க."

சாச்சா திரும்பிப் பார்த்தார். "அரே! இவளுக்கு வாய் இருக்கா? இத்தன வருஷமா ஊமன்னுல்லா நெனச்சேன்!"

வாப்பா சிரிக்கவில்லை. சாச்சா கையிலிருந்து டேப்பை வாங்கினார். மிஷினுக்காகப் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் காலால் அழித்தார். "வா, இங்கன வந்து படு" என்றார்.

பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, நடு அறையில் நீட்டிப் படுத்தேன். வாப்பா என் குதிகாலில் டேப்பின் நுனியை வைத்து, தலைக்கு மேல் வரை இழுத்து, அங்கே கோடு போடப் போனார்.

அடுப்பிலிருந்து திரும்பாமலே உம்மா சொன்னாள்: "கொஞ்சம் கூட்டிப் போடுங்க. இன்னும் வளருவா."