உட்கார முடியாத நாட்கள்

மார்ச் 3
இருபது வருடம் உட்கார்ந்தே சம்பாதித்தவன் நான். இன்று பஸ்ஸை நின்றுகொண்டே ஓட்ட முடியுமா என்று யோசித்தேன். வால் எலும்புக்கு மேலே இருந்த கட்டி உடைந்து துணியெல்லாம் சீழ். டாக்டர், "முடி உள்ள போய்க் கூடு கட்டியிருக்கு. டிரைவருங்களுக்கு இது சகஜம், வெட்டி எடுத்துடலாம்" என்றார். சகஜமாம். டிப்போவில் இடுப்பு வலி என்று லீவு எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 6
முடிந்தது. படிவத்தில் உறவினர் எண் கேட்ட இடத்தில் என் எண்ணையே எழுதியிருந்தேன். ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் அதற்குத்தான் போன் செய்திருக்கிறார். என் கட்டிலுக்கடியில் பைக்குள் விடாமல் அடித்ததாம், பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். "உங்க சொந்தக்காரங்க எடுக்கவே இல்லையே" என்றார் நர்ஸ். வேலையாக இருப்பார்கள் என்றேன்.

மார்ச் 8
தையல் கிடையாது. குழியைத் திறந்தே விட்டிருக்கிறார்கள். தினமும் கழுவி, காஸ் துணியை அடிவரை வைக்க வேண்டும். அடியிலிருந்து ஆறி வரணுமாம். "வீட்ல கட்டுப் போட ஆள் இருக்காங்களா?" இருக்காங்க என்றேன், வாய் கூசாமல்.

மார்ச் 9
வீட்டுக்கு வந்துவிட்டேன். குப்புறப் படுத்து எழுதுகிறேன்.

மார்ச் 13
கட்டுப் போடும் ஆள்: நான், சவரக் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி. கண்ணாடி பார்த்து பஸ்ஸைப் பின்னால் எடுப்பவனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்தேன். கை ஒரு பக்கம் போகிறது, கண்ணாடி வேறு பக்கம் காட்டுகிறது. நான்கு நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று கண்ணாடியைத் திட்டினேன்.

மார்ச் 21
சொதப்பிவிட்டேன். துணி மேலோடு மட்டும் போயிருக்கிறது. புண்ணின் வாய் மூடி, அடியில் மறுபடி சீழ். திரும்பவும் கீறினார்கள். "யார் கட்டுப் போடுறாங்க? நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார் நர்ஸ். இன்னொரு முறை இப்படி ஆனால் பெரிய ஆபரேஷன், டிரைவர் சீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

யாரைக் கூட்டிப்போவது? அக்காவிடம் இதை எப்படிக் காட்டுவது? போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன் — கடைசியில் என் பஸ் கண்டக்டர். ஆறு வருடம் ஒரே வண்டி. சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்டதில்லை. அவனுக்கே போன் போட்டேன். சொல்லச் சொல்லக் காது சுட்டது.

"ஆறு வருஷமா உங்க முதுகைத்தானேண்ணா பாத்துட்டு வரேன். இன்னும் ரெண்டு அங்குலம் கீழ. அவ்வளவுதானே?"

அழுதுவிட்டேன். நல்லவேளை, போன்.

மார்ச் 22
வந்தான். நர்ஸ் சொன்னதையெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்.

ஏப்ரல் 10
தினமும் ஷிப்ட் முடிந்து வருகிறான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு துணி வைப்பதால் அவனால் பேச முடியாது. நான்தான் பேசுகிறேன். எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா?

மே 12
முழுசாக ஆறிவிட்டது, கட்டு வேண்டாம், திங்கட்கிழமை வண்டி எடுக்கலாம் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சாயங்காலம் அவன் வந்ததும், "இன்னும் கொஞ்சம் கசியுதுப்பா" என்று சொல்லிக் குப்புறப் படுத்துக்கொண்டேன். எதற்கு இந்தப் பொய்?

டார்ச் வெளிச்சம் ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு புதுத் துணியை மடித்து வைத்து, பிளாஸ்டர் ஒட்டினான்.

"ஆமாண்ணா, லேசா இருக்கு. நாளைக்கும் வரேன்."