குளத்தடிக் காணிக்கு என் ஆட்சேபனை

4.7.1963
ஸரீனா ஆசிரியர் கலாசாலைக்கு எடுபட்டுவிட்டாள். இத்ரூஸ் எஸ்.எஸ்.சி. எல்லாப் பாடமும் பாஸ், கணக்கில் திறமைச் சித்தி. மூத்தவன் யாகூபுக்குக் கலேவெலயில் சொந்தக் கடை. அஞ்சாம் வகுப்போடு நின்ற என் பேரப்பிள்ளைகள்! மாஷா அல்லாஹ்.

யாகூப் இன்று வந்தான். புகையிலை போட, குளத்தடி அரசாங்கக் காணியைத் தன் பேருக்குக் கேட்டிருக்கிறானாம். "சும்மா கிடக்கிற மண், உம்மும்மா. சுத்திவரக் கம்பி வேலி அடிச்சா பொன்னா விளையும்."

கம்பியா?

9.7
மழை இல்லை. குளத்துக்குள் ஊற்றுத் தோண்டித்தான் ஊரே தண்ணி அள்ளுகிறது. இறங்கும் வழி, மாடு மேயும் புல், எல்லாம் அந்தக் காணியில்தான். யார் பேரிலும் இல்லாததால் யாரும் யாரையும் விரட்ட முடியாது. யாகூப் வழி விடுவான். அவன் பிள்ளைகள் விடுவாங்களா? அவன் விற்றால், வாங்குகிறவன்?

12.7
பதினெட்டாம் திகதி பள்ளிக்கூடத்தில் காணிக் கச்சேரி, காணி கேட்டவர்களை விசாரிக்கிற கூட்டம். ஆட்சேபனை உண்டா என்று காணிக் கந்தோர் அதிகாரி ஐயா ஊர் முன்னால் கேட்பார். அடுத்த வீட்டு நோனா சொல்கிறாள்: "ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க, ராத்தா. உங்க பேரனாச்சே."

எனக்கு மரியாதையாம். அதைக் கரைத்துக் கொடுத்தால் மாட்டுக்குத் தாகம் தீருமா?

17.7
யாகூபிடம் மன்றாடினேன். "நான் எடுக்காட்டி மாத்தளை முதலாளி எடுப்பான். அவன் வாசல்ல போய் மாட்டக் கட்டுங்க."

அதனால்தானே ஒருத்தனுக்கும் குடுக்க வேணாங்கிறேன்! சிரிக்கிறான்.

நாளைக்குக் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளவா? யா அல்லாஹ்.

18.7
போனேன். ஐயா திரும்பத் திரும்பக் கேட்டார். எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. எழும்பினேன்.

"அரசாங்கத்துப் பேரிலேயே இருக்கட்டும், ஐயா. இவனுக்கும் வேணாம், நாளைக்கு எந்த முதலாளி வந்தாலும் வேணாம்."

"இவர் உங்களுக்கு யார்?"

"என் பேரன்."

பிறகுதான் குளத்தடியில் மாடு மேய்க்கிற பொன்னையா எழும்பினான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும். ஐயா காணியை யாருக்கும் இல்லை என்று எழுதிவிட்டார். யாகூப் என் பக்கம் திரும்பவே இல்லை.

2.8
யாகூப் கடையை மூடிவிட்டுப் பெண்சாதி பிள்ளையோடு குருநாகலுக்குப் போய்விட்டானாம். நோனா சொல்லித்தான் தெரியும்.

11.11
நல்ல மழை. குளத்தில் பாதிக்குத் தண்ணி. எல்லார் மாடும் அந்தக் காணி மேட்டுப் புல்லில் நிற்கிறது.

யாகூபுக்குக் கடிதம் போட்டேன். காணிப் பேச்சு எடுக்கவில்லை. 'நீ வராவிட்டாலும் பரவாயில்லை' என்று எழுதினேன். பொய். வெட்டினேன். உன் பிள்ளை இப்போது நடப்பாள், ஸ்டூடியோவில் நிற்க வைத்துப் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு, மகன், என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.