தீப்பெட்டிக்குள் இரண்டு மஞ்சள் தாள்கள்

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். பகலில் பேனாவை எடுத்தால் யாராவது எட்டிப் பார்த்துவிடுகிறார்கள். நீ போடியை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. என்னிடம் இருப்பது உன் அண்ணன் வீட்டு முகவரி மட்டும். பிரிக்காமல் உன்னிடம் சேர்ப்பாரா என்று சந்தேகமாக இருப்பதால் உறையைப் பசை போட்டு இரண்டு தடவை ஒட்டப்போகிறேன். நான் மாறவில்லை என்று சிரிப்பாய்.

எதிரே ஒரு தீப்பெட்டி இருக்கிறது. செல்வியின் பழைய பென்சில் டப்பாவில் இன்று சாயங்காலம் தேடி எடுத்தேன். உள்ளே நீ வெட்டிக் கொடுத்த மஞ்சள் தாள்கள் இரண்டு. வெளிச்சம் படாததால் நிறம் மங்கவில்லை. முகர்ந்தால் லேசாக மஞ்சள் வாசம்கூட வருகிறது.

சனிக்கிழமைகளில் உன் அடுப்படித் தரையில் தெருப்பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். எரியும் மெழுகுவர்த்தியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பாய். சுடர் அணைந்து தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். நான் வாசலில் நின்று, தீக்குச்சி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தோம். நீ விஞ்ஞானம், நான் சரித்திரம். கல்யாணம் இருவரையும் ஒரே தெருவில் கொண்டுவந்து போட்டது. ஆனாலும் உன்னை நம்பி என் பிள்ளை செல்வியை விட எனக்கு மனசு வரவில்லை.

"உள்ள வந்து உக்காருடி. போலீஸ் மாதிரி நிக்காத" என்பாய்.

"சோலி கெடக்கு" என்பேன். போகமாட்டேன்.

எனக்குப் பயம் நெருப்பில் மட்டும் இல்லை. பிள்ளைகளிடம் நீ திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தையில் இருந்தது. "நான் சொன்னேன்னு நம்பாதீங்க. செஞ்சு பாருங்க." பெரியவர்கள் சொன்னதை நம்பாத பிள்ளை நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்காது.

அந்த வாரம் மை ஒற்றும் தாளை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கொடியில் உலர்த்தி வைத்திருந்தாய். ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவக்கிறது என்பதில்தான் ஆரம்பித்தாய். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். சோப்பும் சலவைச் சோடாவும் பட்டாலும் சிவக்கும். புளித்தண்ணீர், மோர், உப்பு எதற்கும் அசையாது. பிள்ளைகள் நோட்டில் நடுவே கோடு போட்டு, சோப்புப் பக்கம், புளிப் பக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். கிளம்பும்போது செல்விக்கு ஒரு தீப்பெட்டி நிறையத் தாள் கொடுத்து, "வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் பாரு" என்றாய். அந்த 'எல்லாத்தையும்' இன்னும் என்னை அரிக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு நாள் வீடு அமளிப்பட்டது. என் மாமியாரின் வெற்றிலைப் பெட்டி சோப்புப் பக்கம் போனது. தயிர் புளிப் பக்கம். "கொஞ்சம் அழும்மா, கண்ணீரப் பாக்கணும்" என்று செல்வி என் முகத்துக்கு நேரே தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். வெங்காயம் அரிந்து அழுதேன். தாள் மாறவில்லை. அவளுக்கு ரொம்ப ஏமாற்றம்.

மூன்றாம் நாள் ஏலக்காய் வாங்க வடக்கேயிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். முன்னறையில் பித்தளைத் தட்டு நிறையக் காய், கிளிப்பச்சையாக. என் வீட்டுக்காரர் வழக்கம்போலச் சொன்னார். "இது தானா வந்த பச்சை சேட்டு. எங்க ஸ்டோர்ல தண்ணியத் தவிர எதுவும் காயில படாது." தோட்டத்தில் காயை உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்பார்கள். அந்தப் பேச்சில் அவர் அப்பா காலத்துப் பெருமையும் சேர்ந்திருக்கும்.

செல்வி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கையில் காய் ஊறிய தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு தாள், செங்கல் நிறத்தில்.

"அப்பா, நம்ம காயும் சோப்புப் பக்கந்தான் வருது."

வியாபாரி சிரித்தார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். கையிலிருந்த காயைத் தட்டில் திரும்பப் போட்டார். நாளை வருகிறேன் என்று போனவர் வரவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார் இவர்.

"அத்தை" என்றாள் பிள்ளை, உன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி.

இவர் என்னைப் பார்த்தார். "அவ வீட்டுக்காரன் யாரு மண்டியில வேல பாக்குறான்னு கொஞ்சமாச்சும் யோசிச்சியா?"

அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. உன் அடுப்படி, சனிக்கிழமை, அந்த 'எல்லாத்தையும்', எங்களுக்குப் போட்டியான ஏலக்காய் மண்டியில் எடை போடும் உன் கணவர் என்று நானே கோத்துக்கொண்டேன். செல்வியை இழுத்துக்கொண்டு உன் வாசலுக்கு வந்தேன்.

"எம் பிள்ளைய வேவு பாக்கவா அனுப்புன?"

நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். "மஞ்சளுக்கு எது யாரு மண்டின்னு தெரியுமாடி?" என்றாய். அந்த நிதானம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"சோப்புக் கையோட தொட்டேன், அதான் செவந்துச்சுன்னு சொல்லு" என்று செல்வியின் தோளை உலுக்கினேன். அவள் என்னைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். பிறகு, "சோப்புக் கையால தொட்டுட்டேன் அத்தை" என்றாள். அன்று முழுக்க அவள் சோப்பைத் தொடவே இல்லை. எனக்கு அது தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "சரி கண்ணு, இருக்கட்டும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

அந்தத் தை மாதமே உன் கணவருக்குக் குமுளியில் வேலை என்று கிளம்பிவிட்டீர்கள். லாரியில் சாமான் ஏறுவதை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வெளியே வரவில்லை. குற்றமுள்ளவள்தான் ஊரை விட்டுப் போகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

இன்று காலை இவர் தோட்டத்துக்குப் போனபோது நானும் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஸ்டோருக்குள் நான் கால் வைத்ததில்லை. இவர் வெளியே கணக்குப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளே சிமெண்டுத் தொட்டியில் பச்சைக்காய் மிதந்தது. நான் கையை விடப் போனேன். அங்கிருந்த பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீகம்மா, சலவைச் சோடாத் தண்ணி. எங் கையப் பாருங்க." விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"இது எதுக்கு?"

"செத்த நேரம் இதுல ஊறுனாத்தான் காய்ஞ்ச பெறகும் பச்ச மாறாது. எல்லாத் தோட்டத்துலயும் உள்ளதுதானே."

"இங்க எத்தன வருசமா?"

"நான் வந்த நாள்லருந்து. ஏம்மா, வீட்டுல சொன்னதில்லையா?"

திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் இவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எதுவும் என் காதில் ஏறவில்லை. இவருக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருக்கும். சோடாவில் முக்குவது பெரிய பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெரிந்துகொண்டே பிள்ளையைப் பொய்க்காரியாக நிற்க விட்டார். விட்டவர் அவர். பொய்யைச் சொல்ல வைத்தவள் நான்.

செல்விக்கு இப்போது பத்து வயது. வகுப்பில் முதல் மாணவி. ஆனால் வீட்டில் எதைக் கேட்டாலும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள். மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட. அடக்கமான பிள்ளை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். நானும் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது அந்த 'எல்லாத்தையும்'. என்னை உனக்குத் தெரியும், கேட்காமல் இருக்கமாட்டேன். எங்கள் காய் பட்டால் சிவக்கும் என்று தெரிந்துதான் தாளைக் கொடுத்தாயா? மூன்று வருஷம் உன்மேல் பட்ட சந்தேகம் ஒரு தொட்டித் தண்ணீரில் கரைந்துவிடும் என்று நினைத்தேன். பாதி இன்னும் நிற்கிறது. ஆனால் நீ தெரிந்தே கொடுத்திருந்தாலும் தாள் சரியாகத்தான் சொன்னது. செல்வியும் சரியாகத்தான் சொன்னாள். இதை ஒத்துக்கொள்ள உன் பதில் வரும்வரை நான் காத்திருக்கக் கூடாது.

ஒரு தாளை எங்கள் காய் ஊறிய தண்ணீரில் இப்போதுதான் நனைத்துப் பார்த்தேன். யார் சொன்னதையும் நம்பாமல், சோப்புப் படாத கையால், நானே. சிவந்துவிட்டது. மிச்சம் ஒன்று இருக்கிறது. காலையில் இவர் சாப்பிட உட்காரும்போது அதையும் எங்கள் வீட்டுக் காயையும் செல்வி கையில் கொடுக்கப்போகிறேன். என்ன நிறம் என்று கேட்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அப்போது தாளைப் பார்க்கச் சொல்வேன்.

என் முகவரி மாறவில்லை. வெரசாப் பதில் போடு.