அந்த ஷாட்டில் நீங்கள் மூச்சு விட்டீர்கள், அப்பா

என் அப்பாவுக்கு, இப்போதாவது இளைப்பு இல்லாமல் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நம் படம் கொச்சித் திரைப்பட விழாவுக்குப் போய் வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "சுத்தி வளைக்காம விசயத்துக்கு வாத்தா" என்பீர்கள். நல்ல தியேட்டர், நல்ல சத்தம். உங்கள் முகம் நம் வீட்டுச் சுவரைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கடைசி ஷாட் முடிந்ததும் கைதட்டினார்கள். அந்த ஷாட்டில் மட்டும் நான் திரையைப் பார்க்கவே இல்லை. மடியில் கிடந்த பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிவதற்கு முன்னாலேயே போய்விட்டீர்கள்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள், அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்டனூரில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கும் கிழவர், நடுமுற்றத்து வளவில் படுத்தபடியே இறந்துபோகிறார். பிணத்தை முன்வாசல் வழியாக எடுப்பதா, பின்வாசல் வழியாக எடுப்பதா என்று வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் போனில் பேசிப் பேசி முடிவுக்கு வராமலே இருக்கிறார்கள். கடைசியில் ஆளில்லாத வளவில் பிணமும், அதன் பக்கத்தில் விடாமல் அடிக்கும் ஒரு போனும். அவ்வளவுதான் நம் படம்.

கிழவர் வேடத்துக்கு நாடகத்தில் நடிக்கிற ஒருவரைப் பேசி வைத்திருந்தேன். மூக்கில் பஞ்சும் நெற்றியில் காசும் வைத்துப் படுக்க வேண்டும் என்று படப்பிடிப்பின் முதல் நாள் காலையில்தான் அவருக்குத் தெரிந்தது. "மகனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கேன், இந்த நேரத்துல பொணமாப் படுக்கச் சொல்றீகளே, நல்லாவா இருக்கு?" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நீங்கள் அப்போதுதான் புதுவயலில் இருந்து எங்களுக்கெல்லாம் இட்லித் தூக்கோடு வந்து இறங்கினீர்கள். என் மூஞ்சியைப் பார்த்தீர்கள். "எதுக்குத்தா இப்புடி இடிஞ்சு போய் நிக்கிற? நான் படுக்குறேன். வீட்டுல சும்மா படுத்துக் கெடக்கறத இங்குட்டு வந்து படுக்கப் போறேன்" என்றீர்கள்.

எனக்கு அன்று அது வரம் மாதிரி இருந்தது.

முதல் இரண்டு நாளும் நன்றாகத்தான் போயிற்று. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நீங்கள் அந்த வீட்டுக்குள் நடந்ததைப் பார்த்து, பிரபு கேமராவில் இருந்து கண்ணை எடுக்காமலே "அக்கா, ஒங்க அப்பாவ விட்டுட்டு எங்கெங்கயோ தேடியிருக்கோமே" என்றான். கடைசி ஷாட்டில்தான் சிக்கல் வந்தது. வளவுக்கு மேலே இருந்து சாய்வாக விழுந்த வெளிச்சத்தில் உங்கள் வயிறு ஏறி இறங்குவது பளிச்சென்று தெரிந்தது. மில்லில் மிஷின் பார்த்த காலம் முழுக்க நீங்கள் தின்ற உமித்தூசி, அப்பா. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே விசில் அடிக்கும் நெஞ்சு. அது எப்படி அடங்கும்?

"அப்பா, வயிறு ஏறுது. மூச்சை அடக்குங்க." திரும்பத் திரும்ப இதையே சொன்னேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, வீட்டுச் சாவியை இருட்டும் முன் கொடுத்தாக வேண்டும். என் குரல் கூடிக்கொண்டே போனது. நீங்கள் கண்ணைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்து, "இதுதான்த்தா நான் அடக்குற மூச்சு. இதுக்கு மேல அடக்குனா நெசமாவே தூக்க வேண்டியதுதான்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிணமாக நடித்தவரை எழுப்பிச் சிரிக்க வைத்து ஒரு ஷாட் எடுத்துவிட்டால் தோஷம் போய்விடும் என்பது சினிமாக்காரர்கள் வழக்கம். பிரபு மறக்காமல் அதையும் எடுத்தான். நீங்களும் பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து, மூச்சை அடக்கிப் படுத்த கதையோடு அதையும் சொல்லி அம்மாவைச் சமாதானம் செய்யப் பார்த்தோம். அம்மா கேட்கிற ஆளா? "உசுரோட இருக்கற மனுசன் மூக்குல பஞ்சு வைப்பாளா ஒருத்தி? பெத்த மகளா நீ?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். உங்களோடு ராசியாகிவிட்டாள். என்னோடு ஆகவில்லை.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாதது.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது பிரபு அந்த ஷாட்டை நிறுத்திக் காட்டினான். "அக்கா, பொணம் மூச்சு விடுது. இத அனுப்புனா எந்த விழாவுலயும் மொத சுத்துலயே தூக்கிப் போட்ருவாங்க" என்றான். அவனே வழியும் சொன்னான். உங்கள் உடம்பை மட்டும் அசையாத படமாக உறைய வைத்துவிட்டு, போனின் வெளிச்சத்தையும் தூணின் நிழலையும் அப்படியே ஓட விட்டான். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. நான் கைதட்டினேன், அப்பா. அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

படத்தை அனுப்ப ஆரம்பித்தபோது உங்களுக்கு முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் மாஸ்க்கை வைத்துக்கொண்டு நீங்கள் திணறியது நினைவிருக்கிறதா? கட்டிலின் ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான். "இழுத்து விடுங்கப்பா, நல்லா இழுத்து மூச்சு விடுங்க" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு அடக்குன்ன. இன்னைக்கு விடுங்குற" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை.

நுரையீரல் எத்தனையோ வருஷமாகக் கெட்டுக் கிடந்தது, படப்பிடிப்பால் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார். அதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. எனக்கும்தான் அது உள்ளே இறங்கவில்லை. வீட்டில் உங்களைக் கிடத்தியிருந்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வாய் திறக்காமல் இருக்கத் தாடையைச் சேர்த்து நாடிக்கட்டு கட்டியிருக்கிறார்களே, நாம் படத்தில் கட்டவில்லையே, தப்பாகிவிட்டதே என்று நினைத்தேன். சீ, நானெல்லாம் என்ன பிறவி! எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அழுகைகூட அதற்கு அப்புறம்தான் வந்தது.

காரைக்குடியில் தனியாக அறை எடுத்துவிட்டேன். கல்யாண வீடியோ வேலைக்குப் போகிறேன். வாரம் ஒருமுறை புதுவயலுக்குப் போவேன். அம்மா சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், போதுமா என்றுகூடக் கேட்க மாட்டாள். மில் பக்கம் லாரி திரும்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வருவேன்.

அப்படி இருக்கும்போதுதான் கொச்சியில் இருந்து தகவல் வந்தது.

படம் முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் எழுந்து, அந்தப் பெரியவர் அவ்வளவு நேரம் எப்படி மூச்சை அடக்கினார், ஏதாவது பயிற்சி கொடுத்தீர்களா என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் செய்தது என்று சொல்லியிருக்கலாம். "அவர் ரொம்பப் பொறுமைசாலி" என்று சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள். வெளியே வந்ததும் ஒரு மலையாள இயக்குநர் பிடித்துக்கொண்டார். அடுத்த படத்தில் ஒரு தாத்தா வேடம் இருக்கிறதாம், அவரையே போட வேண்டுமாம். "ஆள் எவிட? நாட்டில் தன்னே உண்டோ?" என்றார். ஊரில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? இத்தனை நாள் கழித்து உங்களை இருக்கிற ஆளாக நினைத்து ஒருத்தர் கேட்கிறார், அப்பா. இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நம்பர் கேட்டார். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் உங்களுடையதுதான். அதையே சொன்னேன். அந்தப் போனை அம்மா சார்ஜ் போட்டுப் போட்டு வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

ஊருக்கு வந்த இரண்டாம் நாள் என் போனில் 'அப்பா' என்று வந்தது. எடுத்தால் அம்மா.

"யாரோ மலையாளத்துக்காரரு உங்க அப்பாவக் கேக்குறாரு. பொணமா ரொம்ப நல்லா நடிச்சாகளாம். நடிக்கக் கூப்புடுறாரு. இல்லாத மனுசன ஏண்டி இருக்காருன்னு சொன்ன?"

"நீ என்னம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

சின்னக் குரலில், "மில்லுக்குப் போயிருக்காகன்னு சொல்லிட்டேன்" என்றாள். "திரும்பக் கூப்புட்டா நீயே பேசு. என்னால இன்னொருக்கா முடியாது." வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அந்தப் படத்த எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

அந்த இயக்குநரை அன்றைக்கே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, சரி மோளே என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் போனேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் சாவிக்கொத்தோடு நடந்து வந்தபோது, "இடுப்புல வேட்டிய எறக்கிக் கட்டியிருக்காக பாரு, எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்றாள். நடுநடுவே உங்களைத் திட்டிக்கொண்டேதான் பார்த்தாள். கடைசி ஷாட் வந்தது. எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அம்மா முன்னால் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது அவுக இல்ல" என்றாள்.

"அப்பாதாம்மா."

"நெஞ்சு அசையலையே. அவுகளுக்கு மூச்சு எங்க? எத்தன வருசம் பக்கத்துல படுத்து அந்த இளைப்பக் கேட்டுருக்கேன், எனக்குத் தெரியாதா? மூச்ச எங்கடி வச்ச?"

எல்லாவற்றையும் சொன்னேன். பிரபு செய்ததை, நான் கைதட்டியதை, புரோட்டா வாங்கிக் கொடுத்ததை. அம்மா முகத்தில் அடித்தாற்போல் சொன்னாள்: "அப்ப நெசமாவே போறதுக்கு முன்னாடியே நீ நிப்பாட்டிட்ட." நீங்கள் எழுந்து சிரிக்கிற அந்த ஷாட்டைப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "சிரிக்கச் சொன்னதுக்குச் சிரிச்சாக. மூச்சு யாரும் சொல்லி விட்டதில்லையே. அதப் போடு."

எடுத்தபடியே இருந்த ஷாட்டைத் தேடிப் போட்டேன். பஞ்சு வைத்த மூக்கு, கட்டிய கால் விரல்கள், நெற்றிக்காசு, அதற்குக் கீழே உங்கள் வயிறு ஏறுகிறது, இறங்குகிறது. அடக்கிப் பார்க்கிறீர்கள், முடியவில்லை, பிய்த்துக்கொண்டு வருகிறது. அம்மா சத்தத்தைக் கூட்டச் சொன்னாள். அந்த விசில் கேட்டது, அப்பா. நம் வீட்டுக்குள், அந்த மத்தியானத்தில், மறுபடியும் கேட்டது. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதற்கப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். கேட்டாளே, அப்பா!

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அம்மா பேசுகிறாள், ஆனால் பழைய மாதிரி இல்லை. சில நாள் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பாள். எனக்குப் புரியும். ஆயுசுக்கும் அது அப்படித்தான் இருக்கும் போல.

கல்கத்தாவில் ஒரு விழாவுக்குப் படம் தேர்வாகியிருக்கிறது, போட்டிப் பிரிவில். திரையிடுவதற்கு நீங்கள் மூச்சு விடுகிற பிரதியைத்தான் அனுப்பினேன். பிரபு வேண்டாம் வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டான். "அக்கா, தியேட்டரே சிரிக்கும். கடைசி ஷாட் போச்சுன்னா படமே போச்சு" என்றான். அவன் சொல்வது சரிதான். சிரிக்கத்தான் சிரிப்பார்கள்.

இன்று காலையில் அங்கிருந்து மெயில் வந்தது. கடைசி ஷாட்டில் இறந்தவர் தெளிவாக மூச்சு விடுகிறார், தேர்வுக்குழு பார்த்த பிரதியில் அப்படி இல்லை, தவறான பிரதியை அனுப்பிவிட்டீர்களா, சரியானதை உடனே அனுப்பாவிட்டால் போட்டியில் வைக்க முடியாது என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள்.

சரியான பிரதி இதுதான் என்று பதில் போட்டுவிட்டுத்தான், நம் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். படத்தை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டுப் போகட்டும். எனக்கு அழுகையாகத்தான் வருகிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் ஆசைப்பட்டது அல்லவா?

ஆனால் இனி எந்த ஊர்த் திரைக்காகவும், எவர் கேட்டாலும், உங்களை மூச்சடக்கச் சொல்ல மாட்டேன். வயிறு ஏறட்டும், அப்பா. இழுத்து விடுங்கள்.

உங்கள் பெரியவள்,
புதுவயல்