நாலாம் நம்பர் மலை

இன்று காலை தெமோதரை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் போனில் யாரிடமோ, "மலைக்குத்தான் போறேன், அந்திக்கு வந்திருவேன்" என்றாள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவதைத்தான் சொன்னாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிறுத்தத்துக்குள் கண் நிறைந்துவிட்டது. எல்லாம் உன்னால்தான், புள்ள.

தோட்ட வேலையை விட்டுவிட்டு எங்கள் பதுளைப் புடவைக் கடைக்கு நீ வந்த பிறகுதான் நமக்குள் பழக்கம். நேபாளத்துப் பனிமலை ஒன்றில் ஏற சென்னைக் குழு ஒன்று ஆள் சேர்க்கிறது என்று நான் சொன்னதும், "பனியக் கையால அள்ளிப் பாக்கணும்டி" என்று குதித்தாய். மலை ஏறிய அனுபவம் உண்டா என்று குழுத் தலைவர் போனில் கேட்டார். "சின்னதுலருந்து தெனமும் மலைக்குப் போனவதாங்க" என்றாய், கொஞ்சமும் யோசிக்காமல். அதில் பொய்யும் இல்லையே!

மனிதர் நம்பிவிட்டார். பனியாற்றின் மேல் எல்லோரையும் ஒரே கயிற்றில் கோத்தபோது உன்னை வழிகாட்டிக்கு அடுத்து நிறுத்தினார். "எந்தெந்த மலை ஏறியிருக்கீங்க?"

"நாலாம் நம்பர் மலைங்க. ஆத்தோரத்து மலைக்கும் போயிருக்கேன்."

தேயிலைக் காட்டைத்தான் எங்கள் பக்கம் மலை என்போம் என்று நான் விளக்கியதும் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனாலும் உன்னை இடம் மாற்றவில்லை. இரும்பு முள் மாட்டிய பூட்ஸோடு நாங்கள் தடுமாற, நீ ஒரே சீராக நடந்துகொண்டிருந்தாய்.

உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் எனக்குத் தலை பிளந்தது. வாந்தி நிற்கவில்லை. உதவியாளர் ஒருவர் என்னைக் கீழே கூட்டிப் போவார், மற்றவர்கள் ஏறலாம் என்றார் வழிகாட்டி. "நீ போடி" என்று நானும் சொன்னேன். அதற்குள் உன் இடுப்பிலிருந்து கயிற்றைக் கழற்றிவிட்டாய்.

"ஒண்ணா மலைக்குப் போனா ஒண்ணாத்தான் எறங்கணும். ஒருத்திய விட்டுட்டு வந்தா எங்கம்மா லயத்து வீட்டுக்குள்ளயே விடாது."

நான் அழுதேன். "அட, அடுத்த வருசம் வந்து நிக்கலாம். மலை எங்க ஓடியா போகப் போகுது?" என்றாய்.

மலை ஓடவில்லை. அடுத்த வருசத்துக்குள் உன்னைத்தான் புற்றுநோய் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருநாள், உச்சியில் மற்றவர்கள் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தாய். வழிகாட்டியின் பக்கத்தில் கொஞ்சம் வெறும் பனி இருந்தது. "இந்த எடத்துல நான் நின்னிருப்பேன், என்னடி?" என்று சிரித்தாய். அந்தப் பாழாய்ப்போன தலைவலி வேறு எந்த நாளிலாவது வந்திருக்கக் கூடாதா?

போன வாரம் குழுத் தலைவர் கூப்பிட்டார். அதே மலைக்குத் திரும்பவும் போகிறார்களாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உச்சிக்கு இல்லை, நீ கயிற்றைக் கழற்றிய இடம் மட்டும். அதுவரை எப்படியும் ஏறிவிடுவேன். அங்கிருந்து நீ இல்லாமல் எப்படி இறங்குவேன், புள்ள?