வெள்ளிக்கிழமை லீவு

ஆம்பூர்,
15-3-1981.

அன்புள்ள வில்சன் மாமா அவர்களுக்கு,

இன்பம் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். மெட்ராஸில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். நிச்சயதார்த்தத்தன்று, “இனிமே மாமான்னு கூப்புடுடி” என்று ஜெயசீலி அக்கா என் காதைத் திருகினாள். கல்யாணத்துக்கு முன்பே அவள் கர்த்தரிடம் போன பிறகு உங்களை எப்படி அழைப்பதென்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அப்படியேதான் எழுதுகிறேன்.

எனக்குப் பரீட்சை நெருங்குகிறது. நூலகத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. நீங்களும் அக்காவும் எழுதிய ஆட்டோகோடர் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு அதில் ஒரே வரிதான்: ‘முன்பு வழக்கில் இருந்தது.’ இப்போது வழக்கில் உள்ள கோபோல் மொழிக்கோ ஒரு அத்தியாயம் முழுவதும். மேலே படிக்கப் பிடிக்கவில்லை.

நீங்கள் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். பல கம்பெனிகளுக்குக் கணக்குப் போட்டுத் தரும் உங்கள் ஆபீசுக்குப் புது மெஷின் வந்துவிட்டது, அதற்குப் பழைய மொழி தெரியாது, ஈஸ்டருக்குப் பிறகு பழைய மெஷினை விற்றுவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மற்றக் கம்பெனிகளின் வேலையையெல்லாம் கோபோலுக்கு மாற்றிவிட்டு, அக்கா வேலை பார்த்த எங்கள் ஊர்த் தோல் கம்பெனியின் சம்பளக் கணக்கை மட்டும் தொடாமல் வைத்திருக்கிறீர்கள். அது அக்கா எழுதியது, எங்கள் வீட்டில் சொன்னால்தான் கலைப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். இப்படியே இருந்தால் உங்கள் வேலை போய்விடும் என்பதைக் கடைசியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அம்மா “வேணாம்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அப்பா பதில் எழுத உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துவிட்டார். அதனால்தான் தாமதம்.

போன வாரம் கம்பெனி மேனேஜர் ரஷீத் அஹமது சாயபு பொறுக்க முடியாமல், உங்கள் ஆபீசில் வேறொருவரைக் கொண்டு புது மொழியில் சம்பளச் சீட்டு போட்டுப் பார்த்திருக்கிறார். தோல் காயப்போடுகிற எதிர்வீட்டு முனியம்மா அக்கா தன் சீட்டைக் கொண்டுவந்து என்னைப் படிக்கச் சொன்னார்கள். எல்லா வெள்ளிக்கிழமையும் ஆப்சென்ட்! ஞாயிற்றுக்கிழமை லீவு! இங்கே தோல் கம்பெனிகளுக்கு, முதலாளிமார் தொழுகைக்குப் போகும் வெள்ளிதான் லீவு என்று மெட்ராஸ்காரருக்கு எப்படித் தெரியும்?

முனியம்மா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இன்னா பாப்பா, மறுபடியும் எங்கள மாதா கோயிலுக்கு அனுப்பிட்டாங்களா?” என்றார்கள்.

உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா முதன்முதலில் எழுதியபோதும் இதே தப்புதான். தான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள் என்பதால் ஊருக்கே ஞாயிறு லீவு விட்டுவிட்டாள். “அய்யே சீலி, சாயபு தொழப் போனா எங்களுக்கு ஆப்சென்ட்டா? ஞாயித்துக்கெழம எங்களையும் பாட்டுப் பாட இட்டுனு போ!” என்று முனியம்மா அக்கா கம்பெனி வாசலிலேயே கேலி செய்தார்கள். மறுநாள் காலை அக்கா அந்தக் கணக்கு முழுவதும் இருந்த துளை போட்ட அட்டைகளைத் தூக்கிக்கொண்டு, திருத்துவதற்காக மெட்ராஸ் ரயில் ஏறினாள். அன்றைக்குத்தான் உங்களை முதலில் பார்த்தாள்.

அடுப்படியிலிருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. சிரித்தார்கள், மாமா. ஐப்பசி மழையில் அக்காவைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு இப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். முனியம்மா அக்காவும் சீட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். இருட்டிய பிறகும் விளக்குப் போடவில்லை.

கடைசியில் அம்மா, “அவ பண்ண தப்ப கூட ஒக்காந்து திருத்துனது வில்சன்தானே. வேற யாரோ எதுக்கு? அவனே மாத்தி எழுதட்டும்” என்றார்கள். அப்பா என்னை எழுதச் சொன்னார்.

ஆகவே மாற்றிவிடுங்கள். எழுதும்போது முதலில் வெள்ளிக்கிழமையை எழுதுங்கள். பழைய அட்டைகளில் வெள்ளிக்கிழமை லீவு உள்ள அட்டையை மட்டும் அம்மாவுக்கு அனுப்புங்கள். பைபிளில் வைத்துக்கொள்வார்களாம். எந்த அட்டை என்று இனி உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அரக்கோணத்தில் உங்கள் அம்மா ஒரு பெண் பார்த்திருப்பதாகவும், நீங்கள் பதிலே சொல்லவில்லை என்றும் கேள்விப்பட்டோம். அதற்கும் சம்மதம் சொல்லிவிடுமாறு அம்மா எழுதச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் வருவோம்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், மாமா. நான் உங்களைக் கூப்பிடுவதை மட்டும் மாற்றச் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மறவாத
இன்பம்